எண்டேஞ்சர் என்றால் 'ஆபத்து' அல்ல

நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள். படிக்காமலே 'அருமை ஐயா' என்று மட்டும் போட வேண்டாம். முப்பது வருஷத்துக்கு மேல் விடைத்தாள் திருத்தியவனுக்கு யார் படித்தார்கள், யார் படிக்கவில்லை என்பது தெரியும்.

எங்கள் அனுப்பர்பாளையத்தில் சாயங்காலமானால் என் வீட்டுத் திண்ணைக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க வருகிறார்கள். சில பேர் பாத்திரப் பட்டறை வீட்டுப் பிள்ளைகள். சில பேர் பனியன் கம்பெனி வீட்டுப் பிள்ளைகள். செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டே பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதும் ஒரு பெண்ணும் உண்டு. அவள் வைத்திருக்கும் கைடில் ஒரு வரி: எண்டேஞ்சர் - ஆபத்து. எதிர்ச்சொல்: சேவ். அவ்வளவுதான்.

இந்த ஒரு வரி தப்பு என்பதற்கா இத்தனை நீளம் என்று கேட்பீர்கள். ஆமாம், அதற்குத்தான்.

ஆபத்து என்பது பெயர்ச்சொல். எண்டேஞ்சர் வினைச்சொல். கைடைப் படித்த பிள்ளையிடம் வாக்கியம் அமைக்கச் சொன்னால் "தேர் இஸ் எண்டேஞ்சர் இன் த டேங்க்" என்று எழுதுகிறாள். தொட்டியில் ஆபத்து இருக்கிறது என்று சொல்ல நினைத்தாள். அவள்மேல் குற்றமே இல்லை. கைடு சொன்ன பொருளை அப்படியே வைத்து எழுதினால் அந்த வாக்கியம்தான் வரும். தேர்வில் நாலு விடையில் ஒன்றுக்கு வட்டம் போடுவதோடு அவளுக்கும் அந்தச் சொல்லுக்கும் உறவு முடிந்துவிடுகிறது. மதிப்பெண் ஒன்று கிடைத்துவிடும். சொல் கிடைக்காது.

சொல்லித்தர எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிஷம். ஏபிள் என்றால் முடிகிற; எனேபிள் என்றால் முடியும்படி செய். ரிச் என்றால் வளமான; என்ரிச் என்றால் வளப்படுத்து. லார்ஜ், என்லார்ஜ். கரேஜ், எங்கரேஜ். முன்னால் ஒட்டும் அந்த 'என்' பெயரையும் பண்பையும் பிடித்து வினையாக்கிவிடுகிறது. அதே மாதிரி டேஞ்சர் என்றால் ஆபத்து. எண்டேஞ்சர் என்றால் ஆபத்தில் தள்ளு. தள்ளு என்றதும் எந்தப் பிள்ளையும் தானாகவே இரண்டு கேள்வி கேட்கும். யார் தள்ளினது? யாரைத் தள்ளினது?

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதுசு இல்லை. செயப்படுபொருள் குன்றா வினை என்று நாமே பேர் வைத்திருக்கிறோம். தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்திலேயே நடத்துகிறோம். திருந்தினான், திருத்தினான். உருண்டது, உருட்டினான். இறங்கினான், இறக்கினான். எண்டேஞ்சர் சுத்தமான பிறவினை. அதற்கு ஒரு எழுவாய் வேண்டும், 'ஐ' உருபு ஏற்ற ஒரு செயப்படுபொருளும் வேண்டும். இரண்டையும் பிடுங்கிவிட்டு 'ஆபத்து' என்று ஒற்றைச் சொல்லைக் கையில் கொடுப்பது, அண்டாவைக் கேட்டவனுக்கு வளையத்தை மட்டும் கொடுத்து அனுப்புவது மாதிரி.

இது கைடு போடுகிறவரின் சோம்பேறித்தனம் என்று மட்டும் இருந்திருந்தால் நான் வேறு வேலை பார்க்கப் போயிருப்பேன். ஆனால் செய்தவனை விழுங்குகிற இந்தப் பழக்கம் கைடோடு நிற்கவில்லை.

செய்தித்தாளை எடுத்துப் பாருங்கள். "விஷவாயு தாக்கி மூவர் பலி." இந்தத் தலைப்பை நம் மாவட்டத்துக்காரர்கள் எத்தனை முறை படித்திருப்போம்? சாயப்பட்டறைத் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, வீட்டு செப்டிக் டேங்க் என்று இடம் மாறும், தலைப்பு மாறாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கூப்பிட்டு எழுவாய் எது என்று கேளுங்கள். விஷவாயு என்பாள். வினை? தாக்கி. ஆக, தொட்டிக்குள் ஒரு எதிரி ஒளிந்திருந்து பாய்ந்து வந்து மூன்று பேரைத் தாக்கிவிட்டான். வழக்கு யார் மேல்? வாயுவின் மேலா?

வாயு தாக்குவதில்லை. தேங்கிய கசடு காற்றில்லாமல் அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டதே என்று நினைக்கிற நேரம்தான் மிக மோசமான நேரம். இது வேதியியல் பாடம், ரகசியம் ஒன்றுமில்லை. தொட்டி வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. தெரிந்தும் ஒருவர் "மூடியைத் திறந்து உள்ளே எறங்குப்பா" என்கிறார். அந்த வாக்கியத்துக்கு எழுவாய் அவர்தான். வினை, எண்டேஞ்சர்.

செய்தியின் உள்ளே போனால் "தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கினர்" என்று இருக்கும். இறங்கினர்! குளத்தில் குளிக்க இறங்கினது மாதிரி. இறக்கப்பட்டனர் என்றுகூட எழுதக் கை வராது. இறக்கினார் என்பது கேட்கவே வேண்டாம். ஒரே ஒரு 'ங்' இருக்கும் இடத்தில் 'க்' வந்துவிட்டால் ஒருவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருக்கும் என்பது எழுதுகிறவருக்கும் தெரியும்.

அடுத்தது 'ரிஸ்க்'. இதையும் எண்டேஞ்சரையும் ஒரே பொருள் என்று கைடுகள் ஒரே வரியில் போடுகின்றன. இல்லை. ரிஸ்க் என்ற வினையில் பெரும்பாலும் தன் உயிரைத் தானே வைக்கிறான். எண்டேஞ்சரில் அடுத்தவன் உயிரும் மாட்டும், பல நேரம் அதுதான் மாட்டும். தொட்டிச் சாவுகளில் பெரும்பாலும் மூன்று பேர், நாலு பேர் என்று எண்ணிக்கை வருவது ஏன் தெரியுமா? முதல் ஆள் மயங்கி விழுகிறான். அவனைத் தூக்க இரண்டாவது ஆள் குதிக்கிறான். அவனைத் தூக்க மூன்றாவது ஆள். இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் தங்கள் உயிரை ரிஸ்க் செய்தார்கள். அந்தச் சொல் அவர்களுக்குச் சேர வேண்டிய மரியாதை. முதல் ஆளுக்கு அந்தச் சொல்லைப் போடாதீர்கள். அவன் எதையும் துணிந்து வைக்கவில்லை. அவனை வேறு ஒருவர் வைத்தார்.

தமிழில் "உயிரைப் பணயம் வைத்து வேலை செய்கிறார்கள்" என்கிறோம். பணயம் சூதாட்டச் சொல். யார் உயிரை யார் வைத்தது என்று அந்தத் தொடர் சொல்வதில்லை. நம் ஊர்த் தெருக்கூத்தில் விடிய விடிய பார்த்த கதைதானே? தர்மன் தம்பிகளை வைத்தான், தன்னை வைத்தான், கடைசியில் பாஞ்சாலியை வைத்தான். பாஞ்சாலி 'தன் உயிரைப் பணயம் வைத்தாள்' என்று எந்தக் கட்டியக்காரனாவது சொல்வானா? அவள் சபையில் கேட்ட கேள்வியே என்னை வைக்க உனக்கு ஏது உரிமை என்பதுதான். பனியன் கம்பெனிக்கும் பாத்திரப் பட்டறைக்கும் வரும்போது மட்டும் அந்தக் கேள்வி நமக்கு மறந்துபோகிறது.

ஆங்கிலத்திலும் ஆபத்துக்கான சொற்கள் சூதாட்டத்தில் பிறந்தவைதான், எல்லாம் அல்ல, சில. ஹஸார்ட் ஒரு பகடை ஆட்டத்தின் பெயர். ஜெபர்டி என்பது பழைய பிரெஞ்சில் இரண்டு பக்கமும் சமமாக நிற்கும் ஆட்டத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அதிலிருந்துதான் ஜெபர்டைஸ் என்ற வினை. வேலை, வாய்ப்பு, பேச்சுவார்த்தை, திட்டம் இவற்றுக்கு ஜெபர்டைஸ் பொருந்தும். உயிர், உடல்நலம், பாதுகாப்பு என்றால் எண்டேஞ்சர். த்ரெட்டன் வேறு, அதில் மிரட்டல் வாடை உண்டு. இவை பிள்ளைகளுக்கு.

டேஞ்சர் எங்கிருந்து வந்தது என்பது பெரியவர்களுக்கு. லத்தீனில் டாமினஸ் என்றால் எஜமான். அதன் வழியே பழைய பிரெஞ்சுக்கு வந்தபோது அந்தச் சொல்லுக்குப் பொருள், ஆண்டையின் அதிகாரம். ஒருவனுடைய டேஞ்சரில் இருக்கிறேன் என்றால், அவன் நினைத்தால் எனக்குக் கேடு செய்யலாம், அவன் பிடியில் இருக்கிறேன் என்று அர்த்தம். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் கடன்பட்ட அந்தோனியோ ஷைலாக்கின் பிடியில் இருப்பதை போர்ஷியா கேட்கும் இடத்தில் இந்தச் சொல் அந்தப் பழைய பொருளில்தான் வருகிறது. ஆபத்துக்கு ஒரு சொந்தக்காரன் இருந்தான். பிறகுதான் அது மின்கம்பத்தில் மண்டை ஓட்டுக்குக் கீழே எழுதுகிற, யாருக்கும் சொந்தமில்லாத சொல்லாக மாறியது.

இனி சட்டத்துக்கு வருகிறேன். ஏனென்றால் இந்தச் சொல்லை உண்மையில் பயன்படுத்துகிற இடம் அதுதான், நம் பிள்ளைகள் படிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போடுகிற இடமும் அதுதான்.

1860-இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 336-ஆம் பிரிவு, அசட்டுத் துணிச்சலாகவோ கவனக்குறைவாகவோ மனித உயிரை எண்டேஞ்சர் செய்கிற எவரையும் தண்டிக்கச் சொன்னது. வாக்கியம் 'எவர் ஒருவர்' என்றுதான் தொடங்கியது. பாருங்கள், வெள்ளைக்காரன் எழுவாயை விடவில்லை. ஆனால் அபராதம் 250 ரூபாய் வரை. சிறை மூன்று மாதம் வரை. அந்த 250 ரூபாய் 2024 ஜூன் 30 வரை 250 ரூபாயாகவே இருந்தது. எங்கள் ஊரில் அந்தக் காசுக்கு ஒரு பித்தளைக் குடம் வாங்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவு வந்தது. 2,500 ரூபாய் ஆக்கினார்கள். காயம் பட்டால், கொடுங்காயம் பட்டால் தண்டனை கூடும். போபாலில் 1984-இல் அத்தனை ஆயிரம் பேர் செத்ததற்கு 2010 ஜூனில் தீர்ப்பு வந்தபோதும், கவனக்குறைவால் மரணம் விளைவித்த 304-ஏ பிரிவோடு இந்த 336-ம் அதன் தம்பிகள் 337, 338-ம்தான் அந்தக் காகிதத்தில் இருந்தன. தண்டனை இரண்டு வருஷம்.

ரோட்டில் மட்டும் நமக்கு இந்த வினைச்சொல் நன்றாகப் புரிகிறது. அவிநாசி ரோட்டில் ஒரு விபத்து என்றால் எஃப்.ஐ.ஆரில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்று டிரைவர் பேரோடு வந்துவிடும். 279 என்ற நம்பர் லாரி டிரைவர் முதல் டீக்கடைக்காரர் வரை தெரியும். இப்போது அது 281. அந்தப் பிரிவிலும் இதே எண்டேஞ்சர்தான் இருக்கிறது. "பஸ் தாக்கி ஒருவர் பலி" என்று யாராவது தலைப்புப் போட்டால் சிரிப்போம். டிரைவர் மாதச் சம்பளக்காரன், அவன் பேரை எழுதக் கை நடுங்குவதில்லை. தொட்டிக்குச் சொந்தக்காரர் என்றால் நடுங்குகிறது. வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

இங்கேதான் ஒரு கம்பெனிக்காரர், எனக்கு வேண்டியவர்தான், பேர் எழுதப் போவதில்லை, போன மாதம் கல்யாண வீட்டுப் பந்தியில் என்னிடம் சொன்னார்: "நாங்க வேண்டாம்னுதானுங்க சார் சொன்னோம், அவனாத்தானுங்க எறங்குனான்." அவர் கம்பெனியில் நடந்ததைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார். பந்தியில் இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள்.

அவர்களுக்கு ஒரு தகவல். 1948 தொழிற்சாலைச் சட்டத்தை எழுதியவர்கள் இந்தப் பதிலை முன்னாடியே கேட்டிருக்கிறார்கள். 36-ஆம் பிரிவில், விஷவாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய் எதற்குள்ளும் ஒருவரைப் போகச் சொல்லவும் கூடாது, போக விடவும் கூடாது என்று இரண்டு வினைச்சொல்லைப் போட்டு வைத்தார்கள். ரிக்வயர்டு ஆர் அலவ்டு. 'அவனாக இறங்கினான்' என்பதற்கு அந்த இரண்டாவது சொல்தான் பதில். வாயுவைச் சோதித்து, தகுதியுள்ளவர் எழுத்தில் சான்று கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவாசக் கருவி போட்டு, இடுப்பில் பெல்ட் கட்டி, கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்கும் ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொன்னது. கயிறு! ராக்கெட் விஞ்ஞானம் கேட்கவில்லை. கிணற்றில் தூர் வாருகிற நம் தாத்தாக்களுக்குத் தெரிந்த கயிறு.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே. பாதாளச் சாக்கடையையும் செப்டிக் டேங்க்கையும் அபாயகரமான முறையில் சுத்தம் செய்ய எவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடுத்தக் கூடாது என்கிறது 7-ஆம் பிரிவு. மறைமுகமாகவோ என்றால் காண்ட்ராக்டர், சப் காண்ட்ராக்டர், 'ஆள் அனுப்புகிற அண்ணன்' எல்லாம் சேர்த்தி. முதல் முறை மீறினால் இரண்டு வருஷம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் போடலாம். பாதாளச் சாக்கடைச் சாவுகளுக்கு 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் என்றது, 2023 அக்டோபரில் 30 லட்சம் ஆக்கியது. அது இழப்பீடு. நாம் அதையும் 'நிவாரணம்' என்று எழுதுகிறோம். நிவாரணம் புயலுக்குக் கொடுப்பது. இழப்பீடு என்றால் இழக்க வைத்தவன் ஒருவன் இருக்கிறான் என்று பொருள்.

கம்பெனிச் சுவர்களில் "உங்கள் பாதுகாப்பு உங்கள் கையில்" என்று பெயிண்டில் எழுதியிருக்கும். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு சிவப்பு மை பேனாவைத் தேடத் தோன்றும். பட்டறையில் பிரஸ் மெஷினுக்குத் தடுப்பு போடாதவர் கையில் இல்லையா அது? கட்டிங் டேபிளில் நிற்பவனுக்குக் கம்பிக் கையுறை வாங்கித் தராதவர் கையில் இல்லையா? விரல் போன தொழிலாளியைப் பார்த்து உன் பாதுகாப்பு உன் கையில் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? சுவருக்கு வருகிறது.

நொய்யல் கதையும் இதே இலக்கணம்தான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "நொய்யல் மாசடைந்தது" என்று நாற்பது வருஷமாக எழுதுகிறோம். ஆறு தானாகப் போய் எதையோ அடைந்தது போல. மாசுபடுத்தினோம் என்று எழுதியது நீதிமன்றங்கள்தான். மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சாயப்பட்டறைச் சங்க வழக்கில் சொன்னது. 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் பல பேருக்கு அந்த வினைக்கு எழுவாய் உண்டு என்பதே உறைத்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயியே கேட்கும் நிலை அதற்குள் வந்துவிட்டது. அன்று வேலை போன தொழிலாளி என்ன பாவம் செய்தான் என்றும் சேர்த்தே கேட்க வேண்டும். கழிவை விட்டவரும் அவனில்லை, லாபத்தைப் பார்த்தவரும் அவனில்லை.

'எண்டேஞ்சர்டு' என்பதை மட்டும் பிள்ளைகள் சரியாகச் சொல்கிறார்கள், நம் மாநில விலங்கு வரையாட்டின் புண்ணியம். ஆனால் அதற்குத் தமிழில் 'அருகிவரும் இனம்'. வரையாடு அதுவாகவே அருகிவருகிறதாம்.

சரி, எதிர்க்கேள்வி ஒன்று வரும், வந்திருக்கிறது. "சார், பிள்ளைகளுக்கு இன்டர்வியூவில் பேசுகிற அளவுக்கு இங்கிலீஷ் வந்தால் போதாதா? எழுவாய் பயனிலை எல்லாம் எதற்கு?" திண்ணைக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்களே இதைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, வேலை முக்கியம். ஆனால் வேலை கிடைத்த முதல் நாள் கையெழுத்து வாங்குகிற காகிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது. கெமிக்கல் கேனில் ஒட்டியிருப்பது ஆங்கிலம். பையர் ஆடிட்டுக்கு வரும்போது நீட்டுகிற படிவம் ஆங்கிலம். அடிபட்ட பிறகு வருகிற நோட்டீஸும் பல நேரம் ஆங்கிலம். 'குட் மார்னிங் சார், மைசெல்ஃப்' என்று தொடங்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் இவற்றில் எதையும் படித்துக் காட்டாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் ஊர்த் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கும் பையன்களுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அவர்களிடம் மேஸ்திரி சைகையில் காட்டுகிறார். கீழே. இறங்கு. அந்தச் சைகைக்கும் எழுவாய் உண்டு.

தமிழில் இதற்குச் சொல் இல்லை என்று சொல்ல வேண்டாம். எங்கள் ஊரில் பித்தளையை உருக்கியவர்கள் பேசுகிற சொல் இருக்கிறது: "அவன் பொழப்புக்கு இவன் உலை வச்சுட்டான்." வைத்தவன் யார், யாருக்கு வைத்தான், இரண்டும் அதில் இருக்கிறது. எண்டேஞ்சருக்கு இதைவிடப் பொருத்தமான பொருளை நான் எந்த அகராதியிலும் பார்க்கவில்லை. உயிருக்கு உலை வை. கைடில் போட முடியாது என்றால் 'ஒருவரை அல்லது ஒன்றை ஆபத்தில் தள்ளு' என்று போடுங்கள், எதிர்ச்சொல்லாக ப்ரொடெக்ட் போடுங்கள். அச்சுக்கூடத்தில் ஒரு வரி மாற்ற எவ்வளவு ஆகும்?

நிருபர்களில் என் பழைய மாணவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், இந்தப் பதிவைப் பார்ப்பார்கள். அடுத்த முறை தொட்டிச் செய்தி வரும்போது, வரும், தலைப்பில் வாயுவை எடுத்துவிட்டு, இறக்கியது யார் என்று விசாரித்து முதல் வரியில் எழுதுங்கள். எழுதினால் டெஸ்க்கில் வெட்டுவார்கள் என்பீர்கள். வெட்டினதை எனக்கு அனுப்புங்கள், இங்கே போடுகிறேன்.